உப்புக் காற்றுக்கு ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கப் போகிற யாரும் முதலில் ப்ராசஸர் பெயரைத்தான் சொல்வார்கள். கடலோர ஊரில் இருக்கிற எனக்கு முதல் கேள்வி வேறு: வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது? கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

மரக்காணத்தில் டிடிபி, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். கடலோரக் குப்பங்களிலிருந்தும் உப்பளத்தை ஒட்டிய தெருக்களிலிருந்தும் பழுதான சிபியுக்கள் பைக்கில் கட்டி வந்து இறங்கும். திறந்து பார்த்தால் ப்ராசஸர் செத்திருப்பது அபூர்வம். எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை, ராம் ஸ்லாட், ஃபேன், பின்பக்க யுஎஸ்பி, இவைதான் எப்போதும் நோயாளிகள். ஆனால் பட்ஜெட் போடும்போது ஜனங்கள் பணத்தைக் கொட்டுவது ப்ராசஸரில். மிச்சம் பிடிப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் கேபினட்டிலும். இந்தக் கரையில் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி.

2025 கோடையில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஒரு பட்டியலோடு வந்தாள். புதுச்சேரியில் விஸ்காம் படிக்கிறாள். வீடியோ எடிட்டிங்குக்கு மெஷின் வேண்டும். மானிட்டர் கையில் இருந்தது. மற்றதற்கு 40,000 ரூபாய். கூட வந்த அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்.

பட்டியலில் பெரிய கிராபிக்ஸ் கார்டு, அதுவும் பழையது. முன்பக்கம் முழுக்க வலைபோட்டு வண்ண விளக்கு ஃபேன்கள் வைத்த கேபினட். அந்த கேபினட்டோடு இலவசமாக வரும் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.

“இதுல என்ன தப்பு அண்ணா? எல்லாரும் இப்படித்தானே போடுறாங்க?”

“எல்லாரும் அலை பக்கத்துல இல்லம்மா.”

அவளுக்கு விளக்கிக் கொண்டிருந்தபோது பாதி வேலையை அப்பாவே முடித்துவிட்டார். உப்பளத்தில் பாத்தியில் நிற்கும் நீர் சுமார் 25 டிகிரி போமே அடர்த்திக்கு வந்ததும் உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கும்போது மிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவார்கள். அது மக்னீசியம் குளோரைடு மிகுந்த கசப்பு நீர். “அது காயவே காயாது தம்பி. தரையில ஊத்தினா நாள் பூரா ஈரமாவே கெடக்கும்” என்றார் அவர்.

அதுதான் விஷயம். கடல் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி வருகின்றன. கடல் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் சாதாரண உப்புதான். ஆனால் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. ஆகவே மதர்போர்டின்மேல் படிந்த உப்புத் தூசு உலர்ந்த தூசாக இருப்பதில்லை. மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப் படலமாக இருக்கிறது. இரண்டு பின்களுக்கு நடுவே அந்தப் படலம் உட்கார்ந்தால் கசிவு. செம்பின்மேல் உட்கார்ந்தால் பச்சை பூக்கும்.

இங்கிருந்துதான் என் பாகத் தேர்வு தொடங்குகிறது. வெப்பத்தை வெளியேற்றக் காற்று வேண்டும். காற்று வந்தால் உப்பும் வரும். ஆக, குறைந்த வாட் தின்னும் பாகங்களாக எடுத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், உள்ளே போகும் உப்பும் குறையும். கடலிலிருந்து தள்ளி இருப்பவருக்கு வாட் என்பது கரன்ட் பில். நமக்கு அது மெஷினின் ஆயுள்.

அந்தப் பெண்ணுக்கு ரைசன் 5 5600ஜி போட்டோம். 2021இல் வந்த சிப். ஆறு கோர், 65 வாட், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அவள் எடிட் செய்வது முழு ஹெச்டி வீடியோ, அதற்கு இது தாங்கும். தனி கிராபிக்ஸ் கார்டு பிறகு கட்டாயம் தேவைப்பட்டால் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி ரகம் இருக்கிறது. அது 70 வாட்தான். தனிப் பவர் கேபிள் இல்லாமல் ஸ்லாட்டிலிருந்தே ஓடும். ஆனால் 8 ஜிபி ரகம் அப்படி இல்லை, பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்டெல் பக்கம் போகிறவர்களும் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். 12100எஃப் என்று எஃப் ஒட்டியிருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. சில நூறு, ஆயிரம் மிச்சம் என்று வாங்கிவந்து, திரையில் படமே வரவில்லை என்று என் கடை வாசலில் நிற்பவர்கள் உண்டு.

உள் கிராபிக்ஸ் உள்ள சிப்புக்கு ராமை ஒற்றை 16 ஜிபியாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போட வேண்டும். கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லாததால் அது ராமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு பாதை திறந்திருந்தால் வேகம் கண்ணுக்கே தெரியும். நாங்கள் வாங்கிய சில மாதங்களில் ராம் விலை மேலே பறந்தது வேறு கதை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. இப்போது வாங்குகிறவர்கள் வீட்டில் கிடக்கும் டிடிஆர்4 ராமைத் தூக்கி எறியாமல், அதற்கேற்ற போர்டாகத் தேடுவது புத்திசாலித்தனம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வருவோம். கேபினட்டோடு வரும் டப்பாவின்மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட்தான். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் பந்தியில்தான். நல்ல 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அதே கட்டத்தில் 36 ஆம்பியர் போல இருக்கும். அந்தப் பெண்ணின் மெஷின் முழுதும் சேர்ந்து 150 வாட்டைத் தொடாது, பிறகெதற்கு 450 என்று அவளே கேட்டாள். பாதிச் சுமைக்கும் கீழே ஓடும் எஸ்.எம்.பி.எஸ். சூடாகாது, அதன் ஃபேன் கிசுகிசுப்பதோடு சரி. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கல) முத்திரை இருக்கட்டும். ஆனால் அது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதற்கான சான்று மட்டுமே, உழைப்புக்கான உத்தரவாதம் இல்லை. உழைப்புக்கு வாரன்டி வருஷத்தைப் பாருங்கள். மூன்றுக்குக் குறைந்தால் நான் தொடுவதில்லை. சுமார் 3,000 ரூபாய் இதற்கு ஒதுக்கினோம். அப்பா முகம் சுளித்தார், பெண் சமாளித்தாள்.

கேபினட்டில் வண்ண விளக்குகளை விட்டுவிட்டு உட்புறத்தைப் பார்க்க வேண்டும். மலிவு கேபினட்டுகள் வெளியே கறுப்பாகவும் உள்ளே பெயின்ட் இல்லாத சாம்பல் தகடாகவும் இருக்கும். வெட்டிய விளிம்பிலிருந்துதான் துரு தொடங்கும். உள்ளும் புறமும் பெயின்ட் அடித்ததாக, முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் உள்ளதாக எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால், உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அப்போது காற்று ஃபில்டர் வழியாக மட்டும் நுழையும். சந்து பொந்துகளில் நுழையாது. ஃபேன் வேகத்தை பயாஸில் குறைத்து வைத்தோம்.

வாங்கியது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில். விலையை முதலிலேயே புதுச்சேரிக் கடைகளில் விசாரித்துவிட்டுப் போனால் பேரம் படியும். ஆனால் வாரன்டிக்கு அலையும் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும்: மரக்காணத்திலிருந்து புதுச்சேரி முப்பத்தைந்து கிலோமீட்டர், சென்னை நூற்றிருபது. எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று காதில் ஓதுவார்கள். அந்தப் பணம் முதல் பழுதிலேயே போய்விடும். இன்னொன்று, துருப்பிடித்த போர்டை வாரன்டியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அநேகமாக எல்லா வாரன்டி அட்டையிலும் பொடி எழுத்தில் அது இருக்கும். அதனால்தான் கேபினட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இன்னும் குறைந்த பட்ஜெட் என்றால் ஆபீஸ்களிலிருந்து கழித்த பழைய டெஸ்க்டாப்புகள். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றதால் இவை மலிந்து கிடக்கின்றன. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறு, ஏழு என்றால் லினக்ஸ் போடத் தயாராக இருப்பவர் மட்டும் வாங்கலாம். அலுவலக வேலைக்கு அது தாராளம். பழையதை வாங்குமுன் பின்பக்க யுஎஸ்பி, ஆடியோ துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூப்போ பச்சைக் கறையோ தெரிந்தால், அது கடலோரத்தில் வாழ்ந்த மெஷின். விலையைக் கேட்காமலே நகர்ந்துவிடலாம்.

எஸ்.எஸ்.டி. பற்றிச் சொல்ல அதிகமில்லை. 500 ஜிபி என்விஎம்இ போதும். பேக்கப்புக்கு, அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் செத்துக் கிடந்தால் அதன் ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுப் பயன்படுத்துங்கள்.

யுபிஎஸ்ஸை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். 600 விஏ என்பதில் கிடைப்பது சுமார் 360 வாட். குறைந்த வாட் மெஷினுக்கு அதுவே அதிகம். 2020 நவம்பரில் நிவர் புயலும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சல் சமயத்தில் எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரன்ட் போவதைவிட, திரும்பி வரும்போது எகிறுகிற வோல்டேஜ்தான் போர்டுகளைக் கொன்றது. அதனோடு வீட்டு எர்த்தையும் சோதியுங்கள்: உவர் மண்ணில் புதைத்த இரும்புக் குழாய் அரித்துப் போயிருக்கும், மேலே கம்பி மட்டும் ஒழுங்காகத் தெரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மெஷினைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம், தரையிலும் வேண்டாம். முடிந்தவரை தினமும் ஓட்டுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரம் உள்ள காற்று, கேபினட்டுக்குள் 40 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சாதாரண உப்பாவது உலர்ந்தே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் துணி போர்த்தி அணைத்து வைப்பதைவிடக் கெடுதல் வேறில்லை. ஏசி அறையானால், ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தகட்டில் நீர் முத்து கோக்கும்.

ராம் வேலை செய்யவில்லை என்றால் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக் வழக்கம். அந்தப் பின்களில் இருப்பது நிக்கலின்மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. தேய்க்கத் தேய்க்கத் தங்கம் போய், அடியிலிருக்கும் உலோகம் உப்புக்குத் தன்னைக் கொடுக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். ப்ளோயர் அடிப்பதானால் அதிகாலையில், கடற்காற்று கிளம்புமுன். பின்பக்கம் சும்மா கிடக்கும் யுஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ துளைகளுக்கு ரப்பர் மூடிகள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொட்டலமாகக் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள், கடைக்காரர்களாக எடுத்துக் காட்ட மாட்டார்கள்.