இலை கூறும் செய்தி

பயிர் வாய் திறந்து பேசுவதில்லை. ஆயினும் தன் குறையை இலையில் எழுதிக் காட்டும். அவ்வெழுத்தைப் படிக்க வல்லவனே தேர்ந்த உழவன். மக்காச்சோளம் இதற்குத் தக்க சான்றாகும்.

இலைக்குப் பசுமை தருவது பச்சையம் என்னும் நிறப்பொருள். கதிரவன் ஒளியைப் பற்றி, நீரும் கரியமில வாயுவும் மாவுப்பொருளாக மாறத் துணைசெய்வது அதுவே. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நடுவே ஒரு மக்னீசிய அணுவும், அதனைச் சூழ நான்கு நைட்ரஜன் அணுக்களும் உள்ளன. ஆதலின், இவை மண்ணிற் குறையின் இலை வெளிறும். தழைச்சத்துக் குறைந்த பயிர், முதிய இலைகளிலுள்ள சத்தை எடுத்து இளந்தளிர்க்கு ஊட்டுகிறது. அதனால் அடியிலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளாகிறது. மக்னீசியம் குறைந்தாலோ, நரம்புகளுக்கிடையே மஞ்சட்கோடுகள் தோன்றும். மணிச்சத்துக் குறைந்த இளம்பயிரின் இலையோரம் செவ்வூதா நிறம் பெறும்.

பச்சையம் மறையும்போது புலப்படும் மஞ்சள் நிறத்திற்குக் கரோட்டினாய்டுகள் காரணம். மஞ்சள் மக்காச்சோள மணிக்கு நிறந்தருவனவும் அவ்வினப் பொருள்களே. அவற்றுட் சில நம் உடலில் வைட்டமின் 'ஏ'யாக மாறிக் கண்ணொளியைக் காக்கின்றன.

இலை மஞ்சளானவுடன் உரத்தை அள்ளிக் கொட்டுதல் அறிவுடைமையாகாது. நீர் தேங்கிய வயலில் வேர் மூச்சுவிட இயலாமையாலும் இலை மஞ்சளாகும். அங்கு வேண்டுவது வடிகாலே, உரமன்று. மிகையான உரம் நீரிற் கரைந்து கிணற்று நீரையும் கெடுக்கும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. தழைச்சத்து மிகுந்தால் மணியிற் புரதம் மிகும். ஆனால் அவ்வாறு மிகுவது பெரும்பாலும் ஸீன் என்னும் புரதமே. உடல் வளர்ச்சிக்கு இன்றியமையாத லைசின், டிரிப்டோபான் என்பவை அதில் மிக அரியன. எனவே, இலை பசுமையாகவும் கதிர் பெரிதாகவும் இருப்பினும், அதனை மட்டுமே உண்ணும் குழந்தை மெலியக்கூடும்.

மக்காச்சோளத்தின் தாயகமாகிய மெக்சிகோவின் பழங்குடி உழவர், அதனுடன் அவரையினப் பயிரையும் பூசணியையும் ஒரே வயலில் வளர்த்து வந்தனர். அவரையினத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கேற்ற உணவாக மாற்றுகின்றன. அதன் விதையோ லைசின் நிறைந்தது. இவ்வாறு, மண்ணின் குறையைத் தணிக்கும் பயிரே உண்பாரின் குறையையும் தீர்த்தது.

இலையின் நிறத்தை நோக்குவது உழவின் தொடக்கம். உண்பவர் உடல்நலத்தை நோக்குவதே அதன் நிறைவு.