நிகாஹுக்கு முன் முடிக்க வேண்டியவை

நிகாஹுக்கு நாள் குறித்ததுமே நம் இல்லங்களில் மண்டபம், பத்திரிகை, பிரியாணி என்று ஓட்டம் தொடங்கிவிடுகிறது. பத்திரங்களின் நினைவோ, ஹஜ்ரத் தஃப்தரைத் திறந்து பெயர் கேட்கும்போதுதான் வருகிறது. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது (அல்பகரா: 282). வாழ்நாள் ஒப்பந்தத்தில் அசட்டை தகுமா?

முதலாவது, வயது. மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழை முன்பே பார்த்துவிடுவோம். 1997க்கு முன் ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ பிறந்தவரின் சான்றிதழில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். அது பிழையன்று, நாமக்கல் தனி மாவட்டமானது அதன் பிறகே. ஆனால் ஒரு தாளில் ‘ரஹ்மான்’, மறு தாளில் ‘ரகுமான்’ என்றிருந்தால் இப்போதே திருத்திக்கொள்வது நலம்.

இரண்டாவது, வெளியூர் மாப்பிள்ளையாயின் அவருடைய மஹல்லா ஜமாஅத்தின் கடிதம். அவருக்கு ஏற்கெனவே மணமாகியுள்ளதா என்பதை அங்கேதான் விசாரித்து அறிய முடியும்.

மூன்றாவது, மறுமணமாயின் தலாக் அல்லது குலாவின் ஆதாரம், கணவர் மவுத்தாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ். இத்தா முடிந்ததா என்பதையும் நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக் செல்லாது என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய தாளை மட்டும் நம்பி மறுமணம் முடித்தால், பின்னர் வழக்கில் சிக்கித் தவிப்பவள் அந்தப் பெண்ணே!

நான்காவது, மஹர். தொகை எவ்வளவு, ரொக்கமா, கடனா என்பதைப் பேசி முடித்துத் தஃப்தரில் தெளிவாக எழுதச் செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை வரதட்சணையாகக் கருதுவதில்லை. பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கும் தொகையோ குற்றமாகும்.

‘ஜமாஅத் தஃப்தர் போதாதா?’ என்று சிலர் கேட்கின்றனர். நிகாஹ் கூடுவதற்கு ஈஜாப், கபூல், வலீ, சாட்சிகள் போதும். ஆனால் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 24-11-2009 முதல் எல்லா மதத்தாருக்கும் நடப்பிலுள்ளது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும்; தவறினால், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசமுண்டு. ஜமாஅத் தரும் நிகாஹ் சான்றே அங்கு முக்கிய ஆதாரமாகிறது. எனவே இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரல்ல, துணையே.

கணவன் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வாரிசுரிமைக்கும் அலையும் நம் சகோதரிகளை நினைத்துப் பார்ப்போம். இன்று ஒரு நாள் வேலை, நாளை ஒரு பெண்ணின் ஹக்கைக் காக்கும், இன்ஷா அல்லாஹ்.