மானுபாக்சர் என்ற ஆங்கிலச் சொல்லின் சரித்திரம்

பாடத்தின் நோக்கம்

ஜவுளி மூட்டைகளில் ஒட்டிவரும் சீட்டுகளிலும், மருந்துப் புட்டிகளிலும், உழவுக் கருவிகளின் மேலும் 'மானுபாக்சர்' என்ற ஆங்கிலச் சொல்லோ அதனின்று பிறந்த வேறொரு சொல்லோ காணப்படுவதுண்டு. அதன் பொருள் யாதென்று வினவினால், 'ஆலையில் யந்திரத்தைக் கொண்டு செய்வது' என்றே பெரும்பாலார் விடையளிப்பர். அவ்விடை பிழையன்று. ஆயினும் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் 'கையால் செய்தல்' என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கைவேலைக்கென்று ஏற்பட்ட பெயர் எவ்வாறு யந்திர வேலைக்குப் பெயராயிற்று, கையால் உழைத்தவனைக் குறித்த சொல் எவ்வாறு அவனுடைய முதலாளியைக் குறிக்கலாயிற்று என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். கூட்டுறவு இயக்கத்தின் சரித்திரமும் இச்சொல்லின் சரித்திரத்தோடு பின்னிக் கிடத்தலால், சங்கத்து அங்கத்தினர் இதனை அறிதல் பயனுடையதாம்.

1. சொல்லின் பிறப்பு

ஆங்கில பாஷையிலுள்ள சொற்களுள் மிகப் பல, பண்டை ரோமாபுரியாரின் லத்தீன் பாஷையிலிருந்து வந்தவை. அப்பாஷையில் 'மானுஸ்' என்பது கை. 'பாக்கெரே' என்பது செய்தல். 'மானு பாக்டம்' என்றால் 'கையால் செய்யப்பெற்றது' என்று அர்த்தம். இவ்விரு சொற்களும் ஒன்றாகி, பிரெஞ்சு பாஷையின் வழியாக, 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் புகுந்தன.

கை என்னும் பொருளுடைய இந்த 'மானுஸ்' ஆங்கிலத்தில் வேறு பல சொற்களையும் ஈன்றுள்ளது. கையால் எழுதப்பெற்ற ஏடு 'மானுஸ்கிரிப்ட்'. கையடக்கமான வழிகாட்டிப் புத்தகம் 'மானுவல்'. உழவர்களுக்கு இவ்வரிசையில் வியப்பளிக்கக் கூடிய சொல் ஒன்று உண்டு. உரத்தைக் குறிக்கும் 'மெனூர்' என்பதே அது. அச்சொல்லுக்கு முதற்பொருள் 'கையால் வேலை செய்தல்' என்பது. பின்னர் நிலத்தைப் பண்படுத்திப் பயிரிடுதலை அது குறித்தது. நிலத்தைப் பண்படுத்தும் வேலைகளுள் எருவிடுதல் தலைமையானதாதலின், காலக்கிரமத்தில் எருவுக்கே அது பெயராயிற்று. சொற்களின் பொருள் இவ்வாறு மெல்ல நகர்வது எல்லாப் பாஷைகளுக்கும் இயல்பே. ஆனால் 'மானுபாக்சர்' என்ற சொல் சிறிது நகர்ந்ததோடு நில்லாமல், தன் முதற்பொருளுக்கு நேர்மாறான இடத்தையே அடைந்துவிட்டது.

2. உழைப்பாளிக்கு உரியதாயிருந்த பெயர்

1755-ஆம் வருஷம் லண்டன் நகரில் சாமுவேல் ஜான்சன் என்னும் அறிஞர் ஆங்கிலத்திற்குப் பெரியதோர் அகராதி வெளியிட்டார். அவ்வகராதியில் 'மானுபாக்சரர்', அதாவது மானுபாக்சர் செய்பவர், என்ற சொல்லுக்கு வேலையாள், கைவினைஞன் என்பதே பொருளாகத் தரப்பட்டிருக்கிறது. ஆலை முதலாளி என்ற பொருள் அங்கே இல்லை. 

1776-ஆம் வருஷத்தில் ஆடம் ஸ்மித் என்பவர் தேசங்களின் செல்வத்தைப் பற்றி எழுதிய நூலிலும் இவ்வழக்கே காணப்படுகிறது. உழைப்பால் பொருளின் மதிப்பை உயர்த்துபவன் 'மானுபாக்சரர்'. அவனுக்குக் கூலி கொடுத்து இலாபம் பெறுபவர் அவனுடைய எஜமானர். பத்து ஆட்கள் கூடி வேலையைப் பங்கிட்டுக்கொண்டு குண்டூசி செய்யும் ஒரு சிறு பட்டறையை ஸ்மித் அந்நூலில் வர்ணித்தார். ஒருவன் கம்பியை இழுப்பான், ஒருவன் நிமிர்த்துவான், ஒருவன் துண்டாக்குவான், மற்றொருவன் முனை தீட்டுவான். இவ்வாறு பத்துப் பேரும் சேர்ந்து நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் செய்தனர். தொழில் பழகாத ஒருவன் தனித்திருந்து எல்லா வேலைகளையும் தானே செய்ய முயன்றால் 20 ஊசிகள்கூடத் தேறா என்று ஸ்மித் கணக்கிட்டார். இங்கே கவனிக்கத்தக்கது, இத்தனை பெரிய உற்பத்தியும் நீராவியின்றி, பெரும்பாலும் மனிதருடைய கைகளாலேயே நடந்தது என்பது. உற்பத்தி பெருகிய முதற்காரணம், பலர் ஒன்றுகூடி வேலையை முறையாகப் பங்கிட்டுக்கொண்டதேயாம்.

3. 'பாக்டரி', 'மில்' என்ற சொற்கள்

தொழிற்சாலையைக் குறிக்கும் 'பாக்டரி' என்பதும் 'செய்தல்' என்னும் அதே லத்தீன் அடியிலிருந்து பிறந்ததே. ஆயினும் முற்காலத்தில் பாக்டரியில் எதுவும் உற்பத்தி செய்யப்படவில்லை. பிறருக்காக வாங்கல் விற்றல் காரியங்களைச் செய்யும் ஏஜெண்டுக்குப் 'பாக்டர்' என்று பெயர். அவர் தங்கியிருந்து சரக்குகளைச் சேர்த்துவைக்கும் பண்டகசாலையே பாக்டரி. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1611-இல் மசூலிப்பட்டணத்திலும், 1639-இல் இடம் பெற்றுப் பின்னர் சென்னையிலும் ஏற்படுத்திய பாக்டரிகள் இத்தகையவை. துணி நெய்தவர்கள் கிராமங்களில் தத்தம் வீட்டுத் தறிகளில் நெய்தனர். பாக்டரி அத்துணியை வாங்கிக் கப்பலேற்றியது. பொருள்கள் செய்யப்படும் கட்டடத்திற்கு அச்சொல் பெருவழக்காக வழங்கியது பிற்காலத்திலேதான்.

தமிழிலும் வழங்கிவிட்ட 'மில்' என்ற சொல்லின் கதையும் இதைப் போன்றது. தானியத்தை அரைக்கும் திரிகைக்கு அது பெயர். ஆற்றுநீரின் வேகத்தால் சக்கரம் சுழன்று மாவு அரைபடுவதுபோல, பஞ்சு நூற்கும் யந்திரங்களையும் நீர்ச்சக்கரத்தைக் கொண்டு ஓட்டத் தொடங்கியபோது அக்கட்டடங்களும் மில் என்றே அழைக்கப்பட்டன. நீர்ச்சக்கரம் போய் நீராவியும், அதன்பின் மின்சாரமும் வந்தபோதிலும் பெயர் மட்டும் மாறவில்லை.

4. யந்திரம் வந்த காலம்

1733-இல் ஜான் கே என்பவர், கயிற்றை இழுத்தவுடன் நாடா தானே குறுக்கே பாயும் சாதனத்தைக் கண்டுபிடித்தார். நெசவு விரைந்தது, நூல் போதவில்லை. இக்குறையைத் தீர்க்க ஹார்கிரீவ்ஸ் என்பவர் ஒரே ஆள் பல கதிர்களில் நூற்கும் யந்திரத்தை அமைத்து, 1770-இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆர்க்ரைட் என்பவர் 1771-இல் கிராம்போர்டு என்னும் ஊரில் நீர்விசையால் ஓடும் நூற்பாலையை அமைக்கத் தொடங்கினார். 1785-இல் கார்ட்ரைட் என்பவர் யந்திரத் தறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார்.

யந்திரத் தறி சீர்திருந்திப் பரவுவதற்குப் பல வருஷங்கள் சென்றன. ஆனால் பரவியபின் விளைந்த மாறுதல் மிகக் கடுமையானது. பிரிட்டனில் 1820-ஆம் வருஷத்தையொட்டிப் பருத்தித் துணி நெய்த கைத்தறியாளர் சுமார் 2,40,000 பேர் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பு. முப்பது வருஷம் கழித்து, 1850-இல் எஞ்சியவர் சுமார் 43,000 பேர். கூலி வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. அவர்களுடைய மனுக்களை விசாரிக்கப் பார்லிமெண்டு 1834-இல் ஒரு கமிட்டியை நியமித்தது. 1837-இல் ஒரு கமிஷனும் ஏற்பட்டது. எனினும் இழந்த தொழில் மீளவில்லை.

இக்காலத்திலேதான் சொல்லின் பொருளும் புரண்டது. 1835-இல் ஆண்ட்ரூ யூர் என்பவர் ஆலைத்தொழிலைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். 'மானுபாக்சர்' என்ற சொல் தன் இயற்பொருளுக்கு எதிர்ப்பொருளை அடைந்துவிட்டதென்றும், மனிதக் கையின் உதவியை அறவே வேண்டாத உற்பத்தியே முழுமை பெற்ற மானுபாக்சர் என்றும் அதில் கூறினார். 'மானுபாக்சரர்' என்ற பெயரும் அவ்வாறே உழைப்பாளியை விட்டு நீங்கி, ஆலையின் சொந்தக்காரரைச் சார்ந்தது. ஜான்சனுடைய அகராதிக்கும் யூருடைய நூலுக்கும் இடையே சென்ற காலம் 80 வருஷமே.

பெயர் இடம் மாறியதன் காரணம் ஆராயத்தக்கது. வீட்டில் நெய்தவனிடம் பெரும்பாலும் தறி இருந்தது. நேரமும் அவனுடையதாக இருந்தது. நூலைக் கொடுத்து வேலை வாங்கிய வியாபாரிக்கு அவன் கட்டுப்பட்டிருந்த இடங்களிலும், செய்தவன் அவனே என்பதில் ஐயமில்லை. ஆலையிலோ கருவியும், கட்டடமும், பஞ்சும், நெய்த துணியும் மற்றொருவருடையவை. தொழிலாளியிடம் எஞ்சியது கை ஒன்றே. ஆங்கிலத்தில் ஆலைத் தொழிலாளரை 'கைகள்' என்றே எண்ணும் வழக்கம் ஏற்பட்டது. செய்பவன் என்ற பெயர் கருவியின் உடைமையோடு சென்றுவிட்டது.

ஐரோப்பாவில் எல்லாவிடத்தும் இவ்வாறு நேரவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பாரிஸ் நகரில் 1662-இல் பிரெஞ்சு அரசினர் ஏற்றுக்கொண்ட கோபெலின் சித்திரத் திரைச்சீலைச் சாலைக்கு 'மானுபாக்சூர்' என்றே பெயர். அங்கே இன்றும் தறியில் கையால்தான் நெய்கிறார்கள். பிரெஞ்சு பாஷையில் அச்சொல்லின் பழம்பொருள் அச்சாலையின் சுவர்களுக்குள் உயிரோடிருக்கிறது.

5. 'கை' என்பதைச் சேர்த்துச் சொல்லும் தேவை

யந்திரத் தறி இல்லாத காலத்தில் தறி என்று சொன்னாலே போதும். அது கையால் ஓடுவதே. யந்திரத் தறி வந்தபின் பழைய தறியை வேறுபடுத்திக் காட்டுவதற்குக் 'கைத்தறி' என்று கூறவேண்டிய அவசியம் நேர்ந்தது. 'மானுபாக்சர்' என்ற சொல்லை ஆலை எடுத்துக்கொண்டபின், கைவேலையைக் குறிக்க ஆங்கிலேயர் தங்கள் பழைய சொல்லாகிய 'ஹாண்டிகிராப்ட்' என்பதை ஆளுகின்றனர். அதன் பிற்பாதியான 'கிராப்ட்' என்பது முற்காலத்தில் வலிமை என்றும், பின்னர் திறமை என்றும் பொருள்பட்டது.

இந்திய சட்டத்திலும் இம்மாறுதலின் அடையாளத்தைக் காணலாம். சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிவைத்த 1985-ஆம் வருஷத்துச் சட்டம், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறியாகும் என்று பொருள் வகுத்தது. மிகப் பழமையான கருவிக்கு, அதற்குப் பின்வந்த கருவியைக் கொண்டு இலக்கணம் கூறவேண்டியதாயிற்று.

6. ராச்டேல் நெசவாளரும் இச்சொல்லும்

கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பிடமாகப் போற்றப்படும் ராச்டேல், இங்கிலாந்தில் கம்பளித் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே 1844-ஆம் வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி 28 பவுன் முதலோடு ஒரு பண்டகசாலை திறக்கப்பட்டது. அதனை ஏற்படுத்தியவர்களுள் பிளானல் நெசவாளர் பலர் இருந்தனர். மாவும், வெண்ணெயும், சர்க்கரையும் விற்ற கதையே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் அவர்கள் எழுதிவைத்த நோக்கங்களுள் மற்றொன்றும் உண்டு. வேலையிழந்த அங்கத்தினருக்கும், கூலி மேன்மேலும் குறைக்கப்பட்டு வருந்துவோருக்கும் வேலை கிடைக்கும்பொருட்டுச் சங்கமே பொருள்களை மானுபாக்சர் செய்யவேண்டும் என்பதே அது. உழைப்பாளியின் கையைவிட்டுப் போன அச்சொல்லை அவனிடமே திரும்பக் கொணர்வதற்குச் செய்த முயற்சி இதுவென்னலாம்.

அம்முயற்சி 1854-இல் உருப்பெற்றது. ராச்டேல் கூட்டுறவு மானுபாக்சரிங் சங்கம் என்ற பெயரால் பஞ்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. பங்குப்பணம் போட்டவருக்கு ஆதாயம் கொடுப்பதுபோலவே, ஆலையில் வேலை செய்தவருக்கும் அவரவர் கூலியின் விகிதப்படி இலாபத்தில் பாகம் கொடுப்பது என்பது அதன் ஏற்பாடு. தொழில் செழித்தது. செழிப்பைக் கண்டு, ஆலையில் வேலை செய்யாத பலரும் பங்குகள் வாங்கினர். நாளடைவில் அவர்களே பெரும்பான்மையோராயினர். தொழிலாளருக்குக் கூலிக்கு மேல் இலாபம் எதற்கு என்ற வாதம் எழுந்தது. 1862-இல் அப்பாகம் நிறுத்தப்பட்டது. ஆலை நின்றது, யந்திரங்கள் ஓடின, பெயர்ப்பலகையில் கூட்டுறவு என்ற சொல்லும் இருந்தது. ஆனால் உழைத்தவனுடைய நிலைமை மற்ற ஆலைகளில் உள்ளவனுடையதைப்போலவே ஆகிவிட்டது.

7. சங்கத்தார் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டு நெசவாளர் சங்கங்களுக்கும் இக்கதை அந்நியமானதன்று. தனித்தனியே நூல் வாங்கி, தனித்தனியே துணி விற்று நலிந்தவர்கள் ஒன்று சேரும்பொருட்டே, சென்னை மாகாணத்தில் 1935-இல் நெசவாளர் சங்கங்களுக்குத் தலைமைச் சங்கம் ஏற்பட்டது. கோ-ஆப்டெக்ஸ் என்று பின்னர் பெயர்பெற்றது அதுவே.

யந்திரத்தைப் பகைப்பதால் பயனில்லை என்பதை மேற்கண்ட சரித்திரம் காட்டுகிறது. இங்கிலாந்தில் 1811 முதல் சில வருஷங்கள் தொழிலாளர் யந்திரங்களை உடைத்தனர். 1812-இல் அதற்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் வந்ததே தவிர யந்திரம் போகவில்லை. யந்திரத்தை வாங்கிவிட்டதனாலேயே நன்மை வந்துவிடாது என்பதை ராச்டேல் ஆலை காட்டுகிறது. எந்தக் கருவியைக் கையாள்வது என்பதோடு, அக்கருவி யாருடையது, அதனால் வரும் இலாபம் யாரைச் சேர்கிறது, சங்கத்தில் தீர்மானம் செய்பவர் யாவர் என்ற மூன்றையும் அங்கத்தினர் இடைவிடாது கவனித்துவர வேண்டும். தறியில் உட்கார்ந்து நெய்பவர் மகாசபைக்கு வாராமல் நின்றுவிட்டால், அச்சங்கத்தின் பெயர் மாறாமலே அதன் பொருள் மாறிவிடும்.

மகாசபையில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. 'மானுபாக்சரர்' என்ற பெயர் உழைப்பாளியை விட்டு முதலாளியைச் சேர்ந்ததற்குக் காரணம் யாது?

2. குண்டூசிப் பட்டறையில் உற்பத்தி பெருகிய விதம் எது? அம்முறையைப் பாவு ஓட்டுதல், கஞ்சி போடுதல், சாயமிடுதல் முதலிய வேலைகளில் சங்கத்தார் எவ்வளவு தூரம் கையாளலாம்?

3. ராச்டேல் ஆலையில் தொழிலாளரின் இலாபப் பாகம் நின்றுபோனதைத் தடுக்க, தொடக்கத்திலேயே எவ்வித உபவிதி செய்திருக்கலாம்?

4. சங்கத்தின் அங்கத்தினருள் இன்று அத்தொழிலைச் செய்பவர் எத்தனை பேர்? செய்யாதவர் எத்தனை பேர்? சென்ற மகாசபைக்கு வந்தவர்களுள் தொழில் செய்பவர் எத்தனை பேர்? இக்கணக்கை அங்கத்தினர் பதிவேட்டைக் கொண்டு காரியதரிசி எடுத்துச் சபையில் படித்துக்காட்டுக.