சுகவீனத்தில் ஸ்தோத்திரம்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு மூப்பரின் வார்த்தைகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சபைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, சுகவீனத்தில் எப்படி ஸ்தோத்திரம் சொல்வது என்று வீட்டு ஜெபங்களில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்குப் பதில்தான் இது.

1. நோய்க்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டாம். இயேசு எந்த நோயாளியிடமும் நோயைப் புகழ்ந்து பேசவில்லை, தொட்டுக் குணமாக்கினார். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது அழுதார். படுக்கையிலும் கர்த்தர் நம்மை விட்டு விலகவில்லையே, அதற்குத்தான் ஸ்தோத்திரம்.

2. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார் தேவன்.

3. "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். ஆளைச் சொல்லுங்கள், காரியத்தைச் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வார்டுக்கு வந்து உட்கார்ந்த மச்சான். ஓ.பி. வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்த அக்கா. நரம்பு கிடைக்காதபோதும் பொறுமையாகத் தேடி ஊசி போட்ட நர்ஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வீட்டுக்குள் புகுந்தபோது மாடிக் கதவைத் திறந்துவிட்டவர் நம் சபைக்காரராக இல்லாமல் இருக்கலாம், கிறிஸ்தவராகவே இல்லாமலும் இருக்கலாம். ஜெபத்தில் சொன்ன நன்றியை அவர் வாசலுக்கும் போய்ச் சொல்லுங்கள். இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்த ஒரே ஒருவனும் அந்நியனான சமாரியன்தான்.

4. மாத்திரையை நிறுத்தாதீர்கள். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால், அடுத்த முறை அந்த மருந்துக்கே நோய் அடங்காமல் போகலாம். பவுலோடு ஊழியம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். மாத்திரையை வாயில் போடும்போதே ஸ்தோத்திரம் சொல்லலாம், அதுவும் ஜெபம்தான்.

5. நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது. அடுத்தவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று நன்றியைப் பிரசங்கம் பண்ணாதீர்கள். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். நோயாளிகளுக்கென்று ஆறுதலாக அவருக்கு வந்த எழுத்துகளில் பல, நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதியவை என்பதும், அவை மனதுக்குள் இறங்கவில்லை என்பதும் அவருக்குப் புரிந்தது. அதனால், படுத்திருப்பவர் படுத்திருப்பவருக்கு எழுதும் கடிதங்களாகவே எழுதினார். 1933-இல் அவை நூலாக வந்தன. வலியில்லை என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. வலியோடு இருந்தபடியே பிள்ளைகளுக்காக ஜெபித்தார், புத்தகம் புத்தகமாக எழுதினார். உடம்பு நன்றாக இருக்கும் நமக்கு நோயாளியின் அறையில் வேலை வேறு. கஞ்சி கொண்டுபோங்கள். துணியைத் துவைத்துக் கொடுங்கள். அவர் கேட்டால் ஒரு சங்கீதம் வாசியுங்கள். ஸ்தோத்திரம் அவர் வாயிலிருந்து வரட்டும், வராவிட்டால் அவருக்காக நீங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

6. வேலை போன வீட்டுக்கும் இதேதான். முதலில் அரிசி, பிறகு ஜெபம்.

7. ஸ்தோத்திரம் பண்ணுகிறவன் நியாயம் கேட்கக்கூடாது என்று நினைக்காதீர்கள். பிலிப்பி சிறையில் நடுராத்திரி பாடிக்கொண்டிருந்த அதே பவுல், விடிந்ததும், விசாரிக்காமல் அடித்த அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். தொழிற்பேட்டையில் வேலை செய்த இடத்தில் சம்பள பாக்கி இருந்தால் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை தரவில்லை என்றால் கேளுங்கள். பி.எஃப். அலுவலகத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.