ஒரே சர்வரில் பல தளங்கள்: தளவாரியாக இணைப்பு வரம்பு வைக்க முழுமையான வழிகாட்டி

ஒரு சர்வரில் பத்துத் தளங்கள் இருக்கின்றன. ஒன்றில் கூட்டம் குவிந்தால், பொதுவாக இருக்கும் பிஎச்பி புராசஸ்கள் எல்லாவற்றையும் அதுவே பிடித்துக்கொள்ளும். மற்ற ஒன்பதும் படுத்துவிடும். தவறே செய்யாத அந்த ஒன்பது பேரைக் காப்பது சர்வரை நடத்துபவரின் கடமை. என்ஜின்எக்ஸில் அதற்கு வழி இருக்கிறது. (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.)

1. கொள்ளளவைப் பாருங்கள்

பிஎச்பி-எஃப்பிஎம் அமைப்பில் பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் எவ்வளவு? 40 என்றால், ஒரு தளத்துக்கு 15 கொடுக்கலாம். எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அரிது. ஆனாலும் எந்தத் தளத்துக்கும் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

2. கணக்கு வைக்க இடம்

எச்டிடிபி பகுதியில்:

லிமிட்_கான்_ஜோன் $சர்வர்_நேம் ஜோன்=சைட்:1எம்;

ஒரு தளத்துக்கு ஒரு பதிவுதான் என்பதால் 1 எம்பி தாராளம். $ஹோஸ்ட் வேண்டாம், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியும் இல்லாததும் தனித்தனியாக எண்ணப்படும். ஐபி முகவரியை வைத்தும் எண்ணலாம், ஆனால் அது வேறு வேலை. மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிக்குப் பின்னால் ஏராளமானோர் இருப்பார்கள்.

3. வரம்பை எங்கே வைப்பது?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். எச்டிடிபி/2-இல் ஒரே நேரத்தில் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் என்ஜின்எக்ஸ் தனி இணைப்பாக எண்ணுகிறது. தளம் முழுவதற்கும் வரம்பு வைத்தால், முப்பது படங்கள் உள்ள பக்கத்தைத் திறக்கும் ஒருவரே 15-ஐத் தாண்டிவிடலாம். எனவே பிஎச்பி லொகேஷனுக்குள் மட்டும் எழுதுங்கள்:

லிமிட்_கான் சைட் 15;

4. ஒத்திகை

லிமிட்_கான்_டிரை_ரன் ஆன்;

1.17.6 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. யாரையும் தடுக்காது, வரம்பு மீறினால் எரர் லாகில் மட்டும் எழுதும். என்ஜின்எக்ஸ் -டி கட்டளையால் பிழை பார்த்து, ரீலோட் செய்து, கூட்டமான நாள் ஒன்று கடக்கும்வரை விடுங்கள். லாகைப் பார்த்து எண்ணைத் திருத்துங்கள்.

5. அமலாக்கம்

ஒத்திகை வரியை நீக்கி மீண்டும் ரீலோட் செய்யுங்கள். வரம்பு மீறினால் 503 போகும். அதை 429 ஆக மாற்றச் சிலர் சொல்வார்கள்; வேண்டாம். 429 என்றால் "நீங்கள் அதிகம் கேட்டீர்கள்" என்று பொருள். இங்கே வந்தவர்மேல் குற்றமில்லை, தளத்தில்தான் கூட்டம்.

அப்பாச்சி பெஞ்சால் ஒரே நேரத்தில் 30 கோரிக்கைகள் அனுப்பிச் சோதியுங்கள். 503 வருவதோடு, அதே நேரத்தில் பக்கத்துத் தளம் வேகமாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

மேல்மட்டத்தில் ஏற்கெனவே வேறு லிமிட்_கான் வரி இருந்தால், லொகேஷனில் புதிதாக எழுதியதும் அது அங்கே செல்லாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் லொகேஷனிலேயே எழுத வேண்டும்.