பாடம்: கெளிறு மீனுக்கு எந்தப் புரதம்?

1985ஆம் ஆண்டு விக்டோரியா அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீரில் மறைந்தன. வயலை இழந்து சிறு துண்டு நிலத்தில் குடியேறிய குடும்பத்துக்கு, வீட்டோடு ஒரு மீன் தொட்டி கைகொடுக்கக்கூடும். ஆனால் மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீனுக்கே போகிறது. ஆகவே தீனைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

புரதம் என்பது என்ன?

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் 10 வகையை மீனால் தன் உடலில் ஆக்கிக்கொள்ள முடியாது, தீனிலிருந்தே பெறவேண்டும். தானியத்திலும் புண்ணாக்கிலும் பெரும்பாலும் குறைவாக இருப்பது லைசின். சோயாவில் குறைவானது மெதியோனின்.

நாம் புதுக் குடியிருப்பில் வீடு கட்டியதை நினைத்துப் பாருங்கள். கல்லும் சீமெந்தும் நிறைய இருந்தும் கூரைமரம் பாதிதான் கிடைத்தால், பாதி வீட்டுக்குத்தான் கூரை போடலாம். மீனும் அப்படியே. லைசின் பாதியானால் வளர்ச்சியும் குன்றும். மிஞ்சிய அமினோ அமிலங்களை மீன் சேமித்து வைப்பதில்லை. எரித்துவிட்டு, கழிவை அமோனியாவாக நீரில் விடுகிறது. நம் பணமும் வீண், தண்ணீரும் கெடும்.

கணக்குப் பார்ப்போம்

அமெரிக்கக் கெளிறு வளர்ப்பு ஆய்வுகளின்படி, வளரும் மீனின் தீனில் 28 முதல் 32 வீதம் புரதம் போதும். அப்புரதத்தில் ஏறக்குறைய 5 வீதம் லைசினாக இருக்கவேண்டும். குஞ்சுகளுக்கும் வேறு சில கெளிறு இனங்களுக்கும் இதிலும் கூடிய புரதம் தேவை.

முதற் கலவை (10 கிலோ): தேங்காய்ப் புண்ணாக்கு 6 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 4 கிலோ. புரதம் சுமார் 28 வீதம். பார்வைக்கு நல்ல தீன்தான். ஆனால் லைசின் தேவையில் ஏறக்குறைய பாதிதான் உண்டு.

இரண்டாவது கலவை (10 கிலோ): மீன்தூள் 2, வறுத்த சோயா 3, அரிசித் தவிடு 3, தேங்காய்ப் புண்ணாக்கு 2 கிலோ. புரதம் சுமார் 30 வீதம். லைசினும் போதிய அளவு உண்டு. சோயாவில் குறைந்த மெதியோனினை மீன்தூள் ஈடுசெய்கிறது.

கவனிக்க வேண்டியவை

1. சோயாவைப் பச்சையாகச் சேர்க்கவேண்டாம். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. நன்றாக வறுத்து அரையுங்கள்.
2. மீன்தூளுக்கு உப்பிடாத காய்ந்த சிறுமீனை எடுங்கள்.
3. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மலிவென்று வாங்கவேண்டாம்.
4. கெளிறு இருளில் இரை தேடும் மீன். மாலையிலும் தீன் போடுங்கள். மிஞ்சினால் மறுநாள் குறையுங்கள்.
5. குஞ்சு வாங்குமுன் எந்த இனத்தை வளர்க்கலாம் என்று நக்டா அதிகாரிகளிடம் கேளுங்கள். வெளிநாட்டுக் கெளிற்றை ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ விடவேகூடாது.

கூடிப் பேசுவோம்

நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் தீன்பொருட்கள் எவை? அவற்றுள் லைசின் குறைந்தது எது? அதை ஈடுசெய்ய எதைச் சேர்க்கலாம்? நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி அரைத்தால் செலவு எவ்வளவு குறையும்?

மூட்டையின் விலையை மட்டும் பார்த்துத் தீன் வாங்கவேண்டாம். ஒரு கிலோ மீன் வளர எவ்வளவு தீன் செலவானது என்று கொப்பியில் எழுதிவாருங்கள். எந்தத் தீன் மலிவு என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.