பொறுத்தலும் தீர்த்தலும்

பாவமன்னிப்பு என்னும் சொல் நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் ஒலிப்பது. கைமாறிக் கைமாறி வழங்கும் நாணயத்தின் முத்திரை தேய்தல்போல, ஓயாது வழங்கும் சொல்லின் பொருளும் தேய்தல் இயல்பு. பாவத்தை அறிக்கையிடுகின்றோம், குருவானவர் கூறும் மன்னிப்பைக் கேட்கின்றோம், அடுத்த வாரம் அதே பழம்பாவத்தை, மன்னிக்கப்படாத ஒன்றெனவே கருதி, மீண்டும் சுமந்து வருகின்றோம். முழுமன்னிப்பு என்பது நம்மிற் பலர்க்கு வாயால் ஒப்பி உள்ளத்தால் ஐயுறும் கொள்கையாகவே உளது. யாம் பயில்வது தமிழாதலின், இறைநூல் வல்லார்போல இப்பொருளை ஆராயத் துணியோம். மத்தேயு எழுதிய நற்செய்தியில் 18-ஆம் அதிகாரத்து இறுதியில் வரும் கடன்காரன் உவமையை எடுத்து, அதன் சொல்லும் கணக்கும் எதனை உணர்த்துகின்றன என நோக்குவதே எம் கருத்து.

உவமைக்கு வாயிலாயது பேதுருவின் வினா. பிழைசெய்த சகோதரனை எத்தனை முறை மன்னித்தல் வேண்டும், ஏழு முறையோ என்று அவர் கேட்டார். ஏழென்பதே பெருந்தன்மை என அவர் எண்ணினார் போலும். பெருமான் விடையாகக் கூறிய எண்ணை எழுபத்தேழு என்பாரும், எழுபதின் ஏழு மடங்காகிய 490 என்பாரும் உளர். யாதாயினும், எண்ணி முடித்தற்குச் சொல்லிய எண்ணன்று அது. ஆதியாகமத்தில் காயீன் மரபினனாகிய லாமேக்கு, தனக்காக வாங்கப்படும் பழி எழுபத்தேழு மடங்கு என்று செருக்கிக் கூறுகின்றான். பழிக்கு வழங்கிய அவ்வெண் இங்கே மன்னிப்புக்கு ஆயிற்று.

இனி உவமை. ஓர் அரசன் கணக்குப் பார்க்கத் தொடங்கினான். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் அவன்முன் நிறுத்தப்பட்டான். இவ்வெண்ணை நாம் பெரும்பாலும் ‘மிகப் பெருந்தொகை’ என்ற அளவிலே வாசித்துக் கடந்துவிடுகின்றோம். சற்றே நின்று கணக்கிட்டால் திடுக்கிடுவோம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாட்கூலி என்பது திராட்சத்தோட்ட வேலையாட்கள் உவமையால் விளங்கும். ஆகவே அவன் கடன் ஆறுகோடி நாட்கூலி. ஆண்டிற்கு 300 நாள் உழைத்து, உண்ணாதும் உடாதும் அக்கூலி முழுவதையும் இறுப்பானாயின், கடன் தீர 2,00,000 ஆண்டுகள் ஆகும். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து அளித்த ஆண்டு வருவாய் 200 தாலந்து என யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் குறித்துள்ளார். கேட்டிருந்த கலிலேயர்க்கு அது தம் நாட்டின் ஐம்பதாண்டு வருவாய். இத்துணைக் கடன் ஒருவனுக்கு எவ்வாறு உண்டாயிற்று என்று உவமை கூறவில்லை. தீர்த்தற்கரியது என்பது ஒன்றே அங்கு வேண்டுவது.

அவன் வேண்டிக்கொண்டது யாது? இதனை ஊன்றி நோக்குதல் தகும். அவன் மன்னிப்பைக் கேட்கவில்லை, தவணை கேட்டான். சற்றே பொறுத்தருள்க, அனைத்தையும் செலுத்திவிடுகின்றேன் என்பதே அவன் விண்ணப்பம். 2,00,000 ஆண்டுக் கடனுக்குத் தவணை! அரசன் கொடுத்ததோ தவணையன்று. ஆளையும் விட்டான், கடனையும் விட்டான். ‘விட்டான்’ என்று யாம் வேண்டுமென்றே எழுதுகின்றோம். மூலமாகிய கிரேக்கத்தில் இவ்விடத்து நிற்கும் ‘அஃபியேமி’ என்னும் வினை, மீனவர் வலைகளை விட்டுப் பெருமான் பின்சென்ற இடத்தும், பேதுருவின் மாமியைக் காய்ச்சல் விட்ட இடத்தும் வருவது. வலையை விட்டான், காய்ச்சல் விட்டது, கடனை விட்டான் என இம்மூன்றையும் ஒரே வினையாற் சொல்லுதற்குத் தமிழும் இடந்தருகின்றது. விட்ட காய்ச்சலில் அரைக் காய்ச்சல் உடலில் தங்குவதில்லை.

கல்லூரி வாழ்வில் நமக்கெல்லாம் நன்கு பழகிய கருணை ஒன்றுண்டு. அது கருணை மதிப்பெண். தேர்ச்சிக்கு இரண்டு மூன்று எண் குறைந்தாற்கு அது கிட்டும். பத்தும் பெறாதானை அது திரும்பியும் பாராது. கடவுளின் கிருபையையும் நம்மிற் பலர் இவ்வகையினதாகவே எண்ணியிருக்கின்றனர். பெரும்பகுதியை நாமே ஈட்டுதல் வேண்டும், எஞ்சிய சிறு குறையை அவர் நிரப்புவார் என்பது அவர்தம் உட்கொள்கை. அங்ஙனமாயின் குறை சிறிதாயினார்க்கே கிருபை உரித்தாகும். பெரும்பாவிக்கு வாயில் அடைபடும். உவமையின் ஊழியனோ ஒரு பணமும் ஈட்டிவந்து நின்றானல்லன். லூக்கா எழுதிய நற்செய்தியில், பரிசேயனாகிய சீமோன் வீட்டு விருந்தில் பெருமான் உரைத்த மற்றோர் உவமையில் 500 பணம் கடன்பட்டானும் 50 பணம் கடன்பட்டானும் வருகின்றனர். இருவர்க்கும் செலுத்த வகையில்லை. இருவர் கடனும் ஒருபடியே மன்னிக்கப்படுகின்றன. ஆண்டு வரும் வினை, கிருபையைக் குறிக்கும் ‘காரிஸ்’ என்னும் சொல்லின் வழிப்பிறந்தது. மன்னித்தலைக் ‘கிருபை செய்தல்’ என்றே லூக்கா எழுதியுள்ளார் எனினும் பொருந்தும்.

இங்கு ஓர் ஐயம் எழும். விட்ட கடன் எங்கே போயிற்று? ஊழியன் ஏட்டில் அழிந்த பதினாயிரம் தாலந்து அரசன் கருவூலத்தில் குறைந்துநிற்கும். அவன் கொடாததனை இவன் இழந்தான். நம் தமிழில் பழைமையாக வழங்குவது ‘பொறுத்தல்’ என்னும் சொல். பிழைபொறுத்தல் என்கின்றோம், பாரம் பொறுத்தல் என்றும் சொல்கின்றோம். பொறை என்பது சுமைக்கும் பெயர், பொறுமைக்கும் பெயர். அது மலையையும் குறித்தலின், மலைநாட்டுச் சேரர் பொறையர் எனப்பட்டனர். பொறையுடைமைக்கு வள்ளுவனார் முதற்கண் காட்டும் உவமையும், தன்னைத் தோண்டுவோரையே சுமந்துநிற்கும் பூமியன்றோ? வியப்பு என்னவெனில், எபிரேயத்திலும் ‘நாசா’ என்னும் ஒரே வினை சுமத்தலையும் மன்னித்தலையும் உணர்த்துகின்றது. தம்பியைக் கொன்ற காயீன் கடவுளிடம் கூறும் மாற்றம், தாங்கற்கரியது என்றும் மன்னித்தற்கரியது என்றும் இருவகையாகப் பொருள்படுதல் இதனாலேயே. ஏசாயா 53-ஆம் அதிகாரத்து இறுதியில் துன்புறும் ஊழியர் பலருடைய பாவத்தைச் சுமந்தார் என வருமிடத்தும் அவ்வினையே நிற்கின்றது. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள், பிழையை மன்னிப்பவன் அப்பிழையின் பாரத்தைத் தான் ஏற்கின்றான் என்னும் ஓருண்மையைத் தத்தம் வழியில் கண்டுவைத்தன.

பவர் ஐயர் முதலியோர் திருத்தி 1871-இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தை இவ்விடத்து யாம் போற்றாதிருத்தல் இயலாது. யோவான்ஸ்நானன் இயேசுவைத் தேவ ஆட்டுக்குட்டி எனச் சுட்டிக்காட்டும் இடத்தில், கிரேக்கத்தில் தூக்குதல், அகற்றுதல் என்னும் இருபொருளும் தரும் ஒற்றை வினையே உளது. தமிழாக்கியோர் சுமத்தலையும் தீர்த்தலையும் இணைத்து ஒரு தொடராக்கினர். சுமத்தல் மட்டும் கூறின் பாரம் இன்னும் இருக்கின்றது எனப்படும். தீர்த்தல் மட்டும் கூறின் அது விலையின்றித் தீர்ந்தது எனப்படும். கிறிஸ்துவின் சிலுவையைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட விளக்கங்கள் பலவற்றினும் இவ்விரு வினைகள் எமக்கு மிகுதியாக உணர்த்தின. மன்னிப்பு முழுமையாதற்குக் காரணம் பாவம் சிறிதென்பதன்று. அதனை முற்றும் சுமந்தார் ஒருவர் உளர் என்பதே.

ஆயினும் உவமை இனிதாக முடியவில்லை. வெளியே சென்ற ஊழியன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடனூழியனைக் கண்டு தொண்டையைப் பிடிக்கின்றான். அவன் வேண்டிக்கொள்ளும் சொற்கள், முன்னர் இவன் அரசனிடம் கூறியவற்றையே ஒத்தவை. ஒரு வேறுபாடு உண்டு: நூறு நாட்கூலி செலுத்தக்கூடியது. அவன் சொன்னது மெய்யாகவும் கூடும். இவன் சொன்னது ஒருநாளும் மெய்யாகாது. எனினும் இவன் அவனைச் சிறையிலிட்டான். சிறையிலிருப்பவன் கூலி ஈட்டுவது எங்ஙனம்? இதனைக் கேட்ட அரசன் சினந்து, முன் விட்ட கடன் முழுவதும் செலுத்துமளவும் இவனை உபாதிப்போர் கையில் ஒப்புவித்தான்.

அரசன் கொடுத்ததை மீட்டுக்கொண்டான், ஆகவே முழுமன்னிப்பு என்பது நிபந்தனைக்கு உட்பட்டதே எனச் சிலர் வாதிப்பர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உவமையை முடிக்கும் பெருமானின் எச்சரிக்கையும் கடுமையானதே. யாம் கருதுவது இது: அவ்வூழியன் தான் பெற்றது விடுதலை என்று ஒருகாலும் நம்பவில்லை, தவணை என்றே எண்ணி வெளிவந்தான். கடன் இன்னும் தலைமேல் நிற்பதாக எண்ணுபவனுக்கே நூறு பணமும் பெரிதாகும். ஆறுகோடி போயிற்று என்று மெய்யாகவே அறிந்தவன் தெருவில் நூறு பணத்திற்காக ஒருவன் தொண்டையைப் பிடிப்பானா? நாமும் நம் பாவங்களை அறையில் எண்ணி எண்ணி வருந்திவிட்டு, உணவுக்கூடத்தில் அடுத்தவன் குற்றத்தைக் கடுகளவும் விடாது கணக்கிடுவது ஏன் என்று யாம் ஆராய்ந்ததுண்டு. இரண்டும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாகவே தோன்றுகின்றன.

முழுமன்னிப்பு என்றால் மனம்போனபடி வாழலாமோ என்னும் வினாவும் பழையது. பவுல் அப்போஸ்தலரே உரோமருக்கு எழுதிய நிருபத்தில் அதனை எழுப்பி மறுத்துள்ளார். ஜெர்மானியக் குரு டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில் ‘மலிவான கிருபை’ என ஒன்றைக் கடிந்தார்; ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து, 1945 ஏப்ரல் 9-இல் தூக்கிலிடப்பட்டார். பெறுவார்க்கு விலையின்றி வருவது கொடுத்தார்க்கும் விலையின்றி வந்ததென எண்ணுதலே மலிவு. தொடர்புடையார்மேற் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் எனப் பரிமேலழகர் பிரித்துக் காட்டுவர். கிறிஸ்து தமக்குப் பகைவராயிருந்தார்பொருட்டு மரித்தார் எனப் பவுல் கூறுவதை நோக்க, கிருபைக்கு ‘அருள்’ என்னும் தமிழ்ச்சொல் எத்துணைப் பொருத்தமுடையது என்பது விளங்கும்.

உவமையில் ஒருவனைப் பற்றிய செய்தி மட்டும் முடிவுபெறாது நிற்கின்றது. நூறு பணத்திற்காகச் சிறைப்பட்ட அவ்வுடனூழியன் பின்னர் விடுவிக்கப்பட்டானோ இல்லையோ என்று பெருமான் கூறவில்லை. பேதுருவும் கேட்டதாக மத்தேயு எழுதவில்லை.